ஊர்காவற்றுறைக்கு ஒரு நாள் வழிகாட்டிச் சேவை: போய்வந்தவரின் மதிப்பீடு

செய்தித்தாளில் ஊர்காவற்றுறை என்ற பெயர் வருவது பெரும்பாலும் நீதிமன்றச் செய்திகளில்தான். எல்லை தாண்டி மீன்பிடித்ததாகப் பிடிபட்ட இந்திய மீனவர்கள் ஊர்காவற்றுறை நீதவான் முன்னிலையில் நிறுத்தப்பட்டனர் என்ற ஒற்றை வரிக்கு அப்பால், யாழ்ப்பாண நகரத்தில் வாழும் எம்மில் பலருக்கு அந்தச் சிற்றூரைப் பற்றிச் சொல்ல அதிகம் இருப்பதில்லை. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போகிறவர்கள் குறிகட்டுவான் இறங்குதுறைப் பக்கம் திரும்பிவிடுகிறார்கள். சாட்டிக் கடற்கரைக்குக் குளிக்கப் போகிறவர்கள் குளித்துவிட்டு வீடு திரும்பிவிடுகிறார்கள். யாழ்ப்பாணத்துக்கு மேற்கே, வேலணைத் தீவில் வீதி முடியும் இடத்திலிருக்கும் ஊர்காவற்றுறைக்குப் போவதற்கு ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. அந்தக் காரணத்தை உண்டாக்கித் தர முயலும் ஒரு சேவையைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தை அடுத்த தீவுகளான தீவகத்தில் பிறந்து வளர்ந்த இரண்டு இளைஞர்கள் இதை நடத்துகிறார்கள். காலை ஏழு மணிக்கு யாழ்ப்பாணப் பேருந்து நிலையத்துக்கு அண்மையில் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு, பண்ணை வழியாக ஊர்காவற்றுறைக்குக் கூட்டிச் சென்று, பகல் முழுதும் காட்டி, மாலையில் கடலைக் கடந்து காரைநகர், பொன்னாலை வழியாகத் திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள். மதியச் சாப்பாடும் இருவேளைத் தேநீரும் உட்படத் தலைக்கு ஐயாயிரம் ரூபா, சிறுவர்களுக்குப் பாதி. நானும், கரம்பொன்னில் வாழ்க்கைப்பட்ட என் தமக்கையும், கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த அவருடைய மகளும், அவளின் இரண்டு பிள்ளைகளுமாக ஐந்து பேர் போனோம். தொடங்கி ஓராண்டுகூட ஆகாத சிறு முயற்சி என்பதாலும், கீழே சில குறைகளையும் எழுத வேண்டியிருப்பதாலும், சேவையின் பெயரை இங்கு குறிப்பிடவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நிலத்தையும் நீரையும் விளக்குவதில் இவர்களுக்கு நிகராக வேறொருவரை நான் அண்மையில் கேட்கவில்லை. பண்ணைப் பாலத்தைத் தாண்டும்போதே வானை ஓரமாக நிறுத்தி, பரவைக் கடலில் நாட்டியிருந்த சிறகுவலைக் கம்புகளுக்கிடையே வலையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவரைக் காட்டி, "அந்த அண்ணை கரையிலையிருந்து எவ்வளவு தூரத்திலை நிக்கிறார் எண்டு பாருங்கோ ஐயா, தண்ணி இடுப்பு மட்டுக்குத்தான்" என்றார் வழிகாட்டி. தீவகத்தைச் சூழ்ந்த கடலின் ஆழமின்மையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. இந்த ஆழமின்மையால்தான் பெரிய மரக்கலங்கள் யாழ்ப்பாண நகரத்தை நெருங்க மாட்டாமல், தீவின் வடமேற்கு முனையில் காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே ஒதுங்கிக் கிடக்கும் கால்வாய் போன்ற நீரிணையில் நங்கூரமிட்டன என்பதை அவர் அங்கேயே விளக்கிவிட்டதால், பின்னர் துறைமுகத்தைப் பார்த்தபோது அது ஏன் அங்கே இருக்கிறது என்ற கேள்வி பிள்ளைகளுக்குக்கூட எழவில்லை.

தண்ணீரைப் பற்றிய பாடம் இன்னும் சிறப்பாக இருந்தது. தீவு முழுவதும் சுண்ணாம்புக் கல்லின்மேல் படர்ந்த தட்டையான நிலம், ஆறு கிடையாது, ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் வாடைக்கால மழை கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின்மேல் மெல்லிய வில்லையாக மிதக்கிறது, கிணற்றிலிருந்து அளவுக்கு மீறி இறைத்தால் வில்லை மெலிந்து உப்பு மேலேறுகிறது. இதை வாயால் சொல்வதோடு நிறுத்தாமல், ஊர்காவற்றுறைக் கிணறொன்றின் நீரையும் சாட்டிக் கிணற்றின் நீரையும் இரண்டு போத்தல்களில் கொண்டுவந்து பிள்ளைகளின் நாக்கில் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். முதலாவதைச் சின்னவன் உடனே துப்பிவிட்டான். வேலணையின் தென்கரையில் மணல் மேடுகளுக்கு அருகே, கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் நன்னீர் சுரப்பதும், அந்தச் சாட்டி நீரே நெடுங்காலமாகப் பவுசர் என்ற தண்ணீர் வண்டிகளில் ஏற்றப்பட்டுத் தீவகத்தின் பிற ஊர்களுக்குப் போவதும், குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருந்த தலைமுறையைச் சேர்ந்த என் தமக்கைக்குப் புதிய செய்தியல்ல. ஆனால் வீட்டுக் குழாயைத் திறந்தால் நீர் வரும் நகரத்தில் வளர்ந்த அவருடைய பேரப்பிள்ளைகளுக்கு, பாட்டி ஏன் கால் கழுவ அரைச் செம்புக்கு மேல் தருவதில்லை என்பதற்கான விளக்கம் அன்றுதான் கிடைத்தது.

குறையும் அந்த வீதியிலேயே தொடங்கியது. மண்டைதீவுச் சந்தியைக் கடந்து அல்லைப்பிட்டிக்குள் நுழைந்தபோது வான் நிற்கவில்லை; வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை. வழிகாட்டி தம் தொலைபேசியில் மதியச் சாப்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அல்லைப்பிட்டியின் மணலில் 1977 இல் ஜோன் கார்ஸ்வெல் என்ற ஆய்வாளரும் அவருடன் வந்தவர்களும் அகழ்ந்தபோது, சீனாவின் வட சொங் அரசமரபுக் காலத்தைச் சேர்ந்த மட்பாண்டத் துண்டுகள் வெளிவந்தன. 2018 இல் ஷாங்காய் அருங்காட்சியகத்தினரும் இலங்கையின் மத்திய கலாசார நிதியத்தினரும் அங்கே மீண்டும் அகழாய்வு செய்தார்கள். ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன்னர் தென்சீனத்துச் சூளையில் சுட்ட கிண்ணம் ஒன்று இந்தத் தீவின் மணலில் வந்து புதைந்தது என்பதை, அந்த மணலில் நின்றுகொண்டு பிள்ளைகளுக்குச் சொல்வதற்குப் பத்து நிமிடம் போதும்.

அந்தப் பத்து நிமிடம் கிடைக்காமற் போனதால், ஊரின் வரலாறு முழுவதுமே தலை வெட்டுண்டதாக ஆகிவிட்டது. இவர்களின் கதை போர்த்துக்கேயரிலிருந்து தொடங்குகிறது. 'யானைகளின் துறை' என்று பொருள்படும் பெயரை அவர்கள் இந்தத் துறைக்கு இட்டதும், துறைமேடை என்று பொருள்படும் அப்பெயரின் முதற்சொல்லே ஆங்கிலத்தில் 'கேற்ஸ்' என்று நின்றுவிட்டதும் உண்மையே. வன்னிக் காடுகளில் பிடித்த யானைகள் இங்கிருந்து கப்பலேறியதும், ஒல்லாந்தர் காலத்தில் கோல்கொண்டா, வங்காள வணிகர்கள் யானை வாங்க யாழ்ப்பாணத்துக்கு வந்ததும் பிள்ளைகள் கண்கொட்டாமல் கேட்கும் செய்திகள்தாம். ஆனால் யானைக்கும் இந்தத் துறைக்குமான உறவு போர்த்துக்கேயர் கொண்டுவந்ததன்று.

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலுள்ள தமிழ்க் கல்வெட்டை எடுத்துக்கொள்வோம். பொலன்னறுவையில் 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. பரதேசிகள், அதாவது பிறநாட்டார், ஊராத்துறையில் வந்து தங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்பட வேண்டும், பல துறைகளிலிருந்தும் வணிகர் இங்கே வந்து கூட வேண்டும் என்று அது சொல்கிறது. அடுத்துவருவது இன்னும் சுவையானது. யானையும் குதிரையும் எமக்கு விருப்பமானவை ஆதலால், அவற்றை ஏற்றிவரும் மரக்கலம் உடைந்தால் நாலிலொரு பங்கை மட்டும் பண்டாரம், அதாவது அரச கருவூலம், எடுத்துக்கொண்டு மூன்று பங்கை உடையவனுக்கு விட வேண்டும். பிற சரக்கு ஏற்றிய கலம் உடைந்தால் சரிபாதி பண்டாரத்துக்கு, சரிபாதி உடையவனுக்கு. சிங்கள நாட்டு மன்னன் ஒருவன், கடல் வணிகருக்கு விளங்க வேண்டும் என்பதற்காகத் தமிழில் வெட்டுவித்த சுங்கச் சட்டம் இது. இதில் வரும் ஊராத்துறையே இன்றைய ஊர்காவற்றுறை. சோழன் இரண்டாம் இராசாதிராசன் காலத்துக் கல்வெட்டொன்றும், இதே பராக்கிரமபாகு படையெடுப்புக்காகக் கப்பல் கட்டி ஆட்களைத் திரட்டிய இடங்களுள் ஒன்றாக, மாதோட்டத்தோடு சேர்த்து ஊராத்துறையைச் சொல்கிறது. அல்லைப்பிட்டியில் கிடைத்த சீனத் துண்டுகளின் காலம் இந்த ஆணைக்குச் சற்று முற்பட்டது. பரதேசிகள் வந்து தங்கட்டும் என்று மன்னன் சொன்னபோது, அவர்களின் கலங்கள் ஏற்கெனவே வந்துபோய்க்கொண்டிருந்தன என்பதற்குத் தீவின் மணலே சான்று. கல்வெட்டையும் சீன ஓட்டுத் துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லும் ஒரு வழிகாட்டிக்கு நான் ஐயாயிரத்துக்கு மேலும் கொடுக்கத் தயார்.

துறைமுகத்தில் இன்னொரு பிழையும் நேர்ந்தது. நீரிணையின் நடுவே, தண்ணீரிலிருந்து நேராக எழுந்து நிற்கும் கடற்கோட்டையைக் காட்டி, ஒல்லாந்தர் கட்டியது என்று வழிகாட்டி ஒரே வரியில் முடித்துவிட்டார். அதைக் கட்டியவர்கள் போர்த்துக்கேயர். 1658 இல் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றித் திருத்திக் கட்டி, 'ஹம்மன்ஹீல்' என்று பெயரிட்டார்கள். பன்றித்தொடையின் குதிகால் என்பது அதன் பொருள். இலங்கைத் தீவின் வடிவம் அவர்களுக்குப் பன்றித்தொடை போலத் தோன்றியது. கோட்டை வீழ்ந்ததற்குப் பீரங்கியை விடப் பெரிய காரணம் உள்ளே இருந்தவர்களுக்குக் குடிநீர் இல்லாமற் போனதே. காலையில் இரண்டு போத்தல் தண்ணீரை வைத்து அத்தனை அழகாகப் பாடம் நடத்திய அதே மனிதர், சுற்றிலும் கடல் சூழத் தாகத்தால் சரணடைந்த இந்தக் கோட்டையின் முன்னே நின்றுகொண்டு அதைச் சொல்லாமல் விட்டது எனக்கு உண்மையிலேயே மனக்குறையாக இருந்தது. கோட்டை இப்போது கடற்படையின் பொறுப்பில் விடுதியாக இயங்குவதால் கரையிலிருந்தபடியே பார்த்தோம். ஊர்காவற்றுறைப் பக்கத்துக் கரையில், பற்றைக்குள் சிதைந்து கிடக்கும் மற்றைய போர்த்துக்கேயக் கோட்டையின் சுவர்களை அருகே சென்று தொட்டுப் பார்க்க முடிந்தது. பிள்ளைகளுக்கு இதுவே கூடுதலாகப் பிடித்தது.

ஒல்லாந்தர் காலத்தில் நடந்ததாகச் சொல்லப்படும் பூதத்தம்பி கதையை மட்டும் வழிகாட்டி குறையின்றிச் சொன்னார். ஊர்காவற்றுறைக் கோட்டைக்கு வன்னியிலிருந்து மரம் வேண்டும் என்று சொல்லி வெற்றுத்தாளில் பூதத்தம்பியிடம் கையொப்பம் வாங்கிய அவருடைய பகைவன் அந்திராசி, அதிலே தன் சூழ்ச்சியை எழுதி அவரைக் கொலைக்களத்துக்கு அனுப்பிய அந்தக் கதையைக் கூத்து மெட்டு கலந்து அவர் சொன்னபோது, என் தமக்கை இரண்டு அடிகளைச் சேர்ந்தே பாடினார். வழிகாட்டியின் தாய்வழி மெலிஞ்சிமுனை என்பது பிறகு தெரிந்தது. கூத்துக்குப் பேர்போன ஊர் அது. இதை வரலாறு என்றல்லாமல் கதை என்று சொல்லியே சொன்னதையும் பாராட்ட வேண்டும்.

ஒல்லாந்தர் தீவுகளுக்குத் தம் நாட்டு ஊர்களின் பெயர்களைச் சூட்டியதை, ஊர்காவற்றுறை இருக்கும் தீவு லைடன், காரைநகரான காரைதீவு அம்ஸ்ரர்டாம், நெடுந்தீவு டெல்ப்ட் என்று ஒரு கைவரை படத்தில் காட்டினார்கள். லைடனும் டெல்ப்டும் இன்றும் ஆங்கிலத்தில் வழங்குகின்றன, அம்ஸ்ரர்டாம் ஒட்டவில்லை.

கரம்பொன்னில் நின்ற இடம் எனக்கு நிறைவாக இருந்தது. தனிநாயகம் அடிகள் 1913 ஆகஸ்ட் 2 ஆம் நாள் பிறந்த ஊர் இது. ஊர்காவற்றுறைப் புனித அந்தோனியார் கல்லூரியிலும் பின்னர் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் படித்து, 1964 இல் புதுடில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்று, 1966 இல் கோலாலம்பூரில் முதல் மாநாட்டை நடத்தியவர். வழிகாட்டி இவற்றை ஆண்டுகளோடு சரியாகச் சொன்னார். உலகெங்கும் சிதறிய தமிழ் ஆய்வாளரை ஓரிடத்தில் கூட்ட வேண்டும் என்ற எண்ணம் துறைமுக ஊரில் பிறந்தவருக்கு வந்ததில் வியப்பில்லை என்று அவர் சேர்த்துக்கொண்டது அவருடைய சொந்தக் கருத்து. எனக்கும் அது பிடித்திருந்தது.

இனி மக்கள்தொகைக்கு வருகிறேன். இந்தச் சேவையின் மெலிந்த பகுதி இதுதான். "முந்தி நிறையச் சனம், இப்ப குறைவு" என்பதற்கு மேல் வழிகாட்டி ஒன்றும் சொல்லவில்லை. கூரை போன வீடுகளையும், கதவு நிலையை மட்டும் தாங்கி நிற்கும் சுவர்களையும், கிணற்றுக்குள் இறங்கி வளர்ந்த ஆல மரத்தையும் கடந்துகொண்டே அவர் அந்த வரியைச் சொன்னபோது என் தமக்கையால் பொறுக்க முடியவில்லை. "தம்பி, எங்கடை சந்தியிலை பின்னேரம் ஆறு மணிக்கு நடக்க இடமிருக்காது. இது சும்மா குறையேல்லை" என்று தொடங்கி, அடுத்த அரை மணி நேரம் அவரே வழிகாட்டியானார்.

அவர் சொன்னதையும் பொதுவில் தெரிந்ததையும் சேர்த்துச் சொன்னால் இப்படி வரும். தீவார் ஏற்கெனவே வெளியூருக்குப் போய்ப் பழகியவர்கள். உப்பு ஏறிய மண்ணில் புகையிலையும் பனையும் கடலும் தருவதற்கு மேல் தேவைப்பட்டபோது, கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் கடை வைத்தார்கள். வீட்டை ஊரில் கட்டினார்கள், திருவிழாவுக்கு வந்தார்கள். ஆகவே ஊரின் சனத்தொகை எப்போதும் பாதி இங்கும் பாதி அங்குமாக இருந்தது. 1958, 1977, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்கள் அந்தக் கடைகளை எரித்து ஆட்களை ஊருக்குத் திருப்பி அனுப்பின. 1990 ஆகஸ்டில் இராணுவம் தீவுகளில் இறங்கியபோது ஊரே எழும்பி யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்துக்குப் போனது. போனவர்களில் பெரும் பங்கினர் பிறகு கொழும்பு, கனடா, பிரான்ஸ், சுவிற்சர்லாந்து என்று தொடர்ந்து போய்க்கொண்டே இருந்தார்கள். 1992 ஆகஸ்ட் 8 ஆம் நாள் இதே தீவின் அராலித்துறையில் கண்ணிவெடியில் இராணுவத் தளபதிகளுள் ஒருவரான டென்சில் கொப்பேகடுவவும் உடனிருந்த அதிகாரிகளும் இறந்த செய்தி உலகெங்கும் போனபோது, அந்த நிலத்தில் வாழ்ந்தவர்களுள் மிகப் பலர் அங்கே இல்லை.

கணக்கும் இந்தக் கதையைத்தான் சொல்கிறது. 1981 குடிசன மதிப்பீட்டில், பின்னர் பிரிந்துபோன கிளிநொச்சியை நீக்கிப் பார்த்தால், யாழ்ப்பாண மாவட்டத்தில் ஏறத்தாழ 7 இலட்சத்து 38 ஆயிரம் பேர். 2001 இல் இம்மாவட்டத்தில் முழுமையான மதிப்பீடு நடக்கவே முடியவில்லை. 31 ஆண்டுகளுக்குப் பிறகு 2012 இல் எண்ணியபோது ஏறத்தாழ 5 இலட்சத்து 83 ஆயிரம். இயற்கையாகப் பெருகியிருக்க வேண்டிய ஒரு தலைமுறையையும் சேர்த்துப் பார்த்தால் இழப்பு இந்தக் கழித்தலில் வரும் ஒன்றரை இலட்சத்தை விட மிகப் பெரியது. மாவட்டம் முழுவதற்குமான எண்கள் இவை. தீவகத்தில் பள்ளிக்கூட வகுப்பறைகளையும் பூட்டிய வீடுகளையும் பார்த்தாலே சரிவு இதைவிடச் செங்குத்தாக இருந்தது விளங்கும். இந்த இரண்டு எண்களை ஒரு தாளில் அச்சிட்டுக் கையில் கொடுப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை. வழிகாட்டி 1990 க்குப் பிறகு பிறந்தவர்; ஊர் நிறைந்திருந்ததை அவர் கண்டதில்லை. அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் ஊரிலேயே தங்கிவிட்ட முதியவர்களில் ஒருவரை அரை மணி நேரம் பேசவைத்து அவருக்கும் ஒரு தொகை கொடுத்தால், என் தமக்கை இல்லாத நாள்களிலும் வருகிறவர்களுக்கு இந்தப் பகுதி கிடைக்கும்.

மதியச் சாப்பாடு நாரந்தனையில் ஒரு வீட்டில். சோறு, கணவாய்க் கறி, முருங்கையிலை வறை, கத்தரிக்காய்ப் பால்கறி, பிறகு பனங்கட்டியோடு வெறுந்தேநீர். குறை சொல்ல ஒன்றுமில்லை. கணவாய்க்கு மட்டும் இன்னும் ஒருமுறை கேட்க வெட்கமாக இருந்தது. கழிவறை சுத்தமாக இருந்தது.

மாலையில் காரைநகருக்குக் கடப்பது 'பாதை' என்று ஊரில் வழங்கும் மிதவையில். ஆட்களும் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் ஒன்றாக ஏறும் இந்தப் பயணம் சில நிமிடங்களே என்றாலும், கடற்கோட்டையை நீர்மட்டத்திலிருந்து பார்க்க அன்று கிடைத்த ஒரே வாய்ப்பு இதுதான். பிள்ளைகள் அன்றைய நாளில் மிகவும் மகிழ்ந்தது இங்கேதான். ஆனால் பாதை புறப்படும் நேரத்தை இளைஞர்கள் முன்கூட்டி விசாரித்து வைக்காததால், நிழலில்லாத இறங்குதுறையில் நாற்பது நிமிடம் நின்றோம். வான் பண்ணை வழியாகச் சுற்றிக் காரைநகருக்கு வந்து சேரவும் தாமதமாகி, அந்தக் கரையிலும் காத்திருந்தோம். எழுபது வயதைத் தாண்டியவரைக் கூட்டிச் செல்லும் சேவை ஒன்று, குறைந்தது இரண்டு குடைகளாவது வானில் வைத்திருக்க வேண்டும்.

வரலாற்றுப் பகுதியைத் திருத்திக்கொண்டால் இந்தச் சேவை நாம் கொடுக்கும் பணத்துக்கு மேலாகவே பெறுமதியானது. திருத்தாவிட்டாலும், தண்ணீர்ப் பாடத்துக்காகவும் கரம்பொன்னுக்காகவும் பாதைக்காகவும் போகலாம் என்றே சொல்வேன். திரும்பி வரும் வழியில் நயினாதீவுக் கல்வெட்டைப் பற்றி வழிகாட்டியிடம் சொன்னேன். அவர் அதைப் பலமுறை கோயிலில் கண்டிருக்கிறார். அதில் தம் ஊரின் பெயர் இருப்பது தெரியாது என்றார். வாசகத்தின் படியை அனுப்பச் சொல்லித் தொலைபேசி இலக்கம் தந்தார், அன்றிரவே அனுப்பினேன்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் பற்றைக்குள் இருக்கும் கோட்டைக்குப் போக முடியாது. சோளகக் காற்று பலமாக வீசும் மாதங்களில் பாதையில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். தை முதல் பங்குனி வரை நல்ல காலம். ஐந்து பேருக்குக் குறைந்தால் அவர்கள் வருவதில்லை. அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் ஊர்காவற்றுறையிலிருந்தே வள்ளம் போவதால், விரும்பினால் கூடுதல் பணத்துக்கு இன்னொரு நாளாக அதையும் ஒழுங்கு செய்து தருகிறார்கள். ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். அவர்கள் தரும் இரண்டு போத்தலும் சுவைத்துப் பார்ப்பதற்கு மட்டும்.